கல்லின் முழுப் படம்

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது என் மகள் பிறக்கவில்லை. பட்டம் கைக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூட வேனில் தனியாக ஏறிப் போகக் கற்றுக்கொண்டிருந்தாள். நடுவில் அத்தனை வருடம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், ஒரு கல்லைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பிறகு அப்பா குட்டியானை வண்டி வாங்கி லோடு அடித்தார். நான் செங்கல்பட்டில் இயற்பியல் படித்தேன், கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் அப்பா தன் வண்டியிலேயே கூட்டிப்போய் வாசலில் நிறுத்தினார். காவலாளி எட்டிப் பார்த்து, "லோடு எங்க?" என்றார். "லோடு இதான்" என்று அப்பா என்னைக் காட்டினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நினைத்துக்கொண்டுதான், பின்னால் பல தடவை விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியபோதும் போகாமல் இருந்தேன்.

என் நெறியாளரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம். அவர் ஆராய்ச்சி உப்புக் காற்றைப் பற்றியது. கடலோரத்துக் கல்லுக்குள் உப்பு எந்த வழியாக நுழைகிறது, உள்ளே போய் எப்படி அதைப் பிளக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய கோயில் கல்லை யாரும் வெட்டித் தர மாட்டார்கள். அதனால் சிற்பக் கூடங்களுக்குக் கல் கொடுக்கும் குவாரியிலிருந்து அதே ஜாதிக் கல்லை வாங்கி, பலகை பலகையாக அறுத்து, நிலையத்தின் மொட்டை மாடியில் கடலைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். அவ்வப்போது ஒரு பலகையை இறக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீவல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிசாகும்வரை தேய்ப்போம். அவ்வளவு மெல்லிசானதும் கல்லுக்குள் வெளிச்சம் பாயும். நுண்ணோக்கியில் வைத்தால் சாம்பலும் பழுப்புமாகத் தெரியும், நடுநடுவே மைக்கா பளிச்சென்று ரோஜா நிறத்தில் மின்னும். விரிசல்கள் அதற்குள் எறும்புச் சாரி மாதிரி வளைந்து வளைந்து ஓடும். அந்த விரிசல்களை அளப்பதுதான் என் வேலை.

நுண்ணோக்கி ஒரு நேரத்தில் கடுகளவு இடத்தைக்கூட முழுசாகப் பார்க்காது. அதனால் சீவலை வைக்கும் மேடையில் ஒரு மோட்டார் உண்டு. மேடை துளி நகரும், கேமரா ஒரு படம் எடுக்கும், மறுபடி துளி நகரும். வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் படங்கள் சேரும். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தோடு கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். படிந்த இடத்தை ஒப்பிட்டுப் பார்த்து மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டிக்கொடுக்கும். கேட்க எளிதாக இருக்கிறது.

முதல் வருடம் எளிதாகத்தான் இருந்தது. விரல் நக அளவுக் கல்துண்டுகளை வைத்துப் பழகினேன். ஒட்டிய படம் திரையில் திறந்தது, விரிசல்களைத் தேடி எண்ணும் நிரல் எழுதினேன், அது ஓடியது. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வெகுநேரம் நின்று திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதையே முழுச் சீவலுக்கும் பண்ணிடலாமா?"

நான் உடனே சரி என்றேன். அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

போனில் எடுக்கும் படத்தில் ஒன்றிரண்டு கோடிப் புள்ளிகள் இருக்கும். நாங்கள் வைத்திருந்த மென்பொருள் இருநூறு கோடிச் சொச்சம் புள்ளிகளுக்கு மேல் இருந்தால் அதை ஒரே படமாக ஏற்றுக்கொள்ளாது. எங்கள் ஒரு சீவலின் படம் அதைப் போலப் பல மடங்கு. கணினி ஒரு படத்தைத் திறக்கிறது என்றால் அதை மொத்தமாகத் தன் நினைவகத்துக்குள் தூக்கிப் போட வேண்டும். இது உள்ளே போகவே போகாது. நான் பொத்தானை அழுத்துவேன், சுட்டி ஒரு வட்டமாகச் சுற்றும், திரை வெளுக்கும், கடைசியில் 'போதுமான நினைவகம் இல்லை' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அந்தப் பெட்டியில் 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதை எத்தனை முறை அழுத்தியிருப்பேனோ.

வேறு வழிகள் உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பிரமிடு மாதிரி அடுக்கலாம். கீழே முழு அளவு, அதற்கு மேல் பாதி, அதற்கு மேல் அதில் பாதி. தூரத்திலிருந்து பார்க்கும்போது உச்சியில் இருக்கும் சின்னப் படம் வரும், கிட்டே போகப் போக அந்த இடத்தின் பெரிய துண்டு மட்டும் வரும். அளப்பதற்கு என்றால் படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் திறந்து அளந்து மூடிவிடலாம். கட்டத்தின் ஓரத்தில் ஒரு விரிசல் வெட்டுப்பட்டால் அதை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அதற்கும் வழி இருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் நீட்டி வெட்டுவது, விரிசலின் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தின் கணக்கில் மட்டும் அதைச் சேர்ப்பது.

இதை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

"துண்டு துண்டா அளந்தா போதும் சார். முழுப் படம் திறக்கவே வேணாம்."

அவர் தயிர்சாத டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அவர் அப்படித்தான், தன் சாப்பாட்டில் பாதியை மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார். "அளந்துடலாம்மா. இல்லேங்கல. ஆனா ஒரு விரிசல் கடலைப் பார்த்த பக்கத்துல கிளம்பி மறுபக்கம் வரைக்கும் போறதை ஒரே பார்வையில யாரும் காட்டினதில்லை. நாம காட்டுவோம். அப்புறம் நீ ஆய்வேட்டைக் குடு."

அவர் கத்தி மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவே மாட்டார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. "போறதுக்குள்ள அதை ஒரு தடவை பார்த்துடணும்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்து அவர் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் கையெழுத்து இல்லாமல் நான் எதையும் சமர்ப்பிக்கவும் முடியாது.

அப்படித்தான் அந்த அறை என் வீடானது. நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் புகக்கூடாது என்று கதவின் நாலு பக்கமும் கருப்பு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். குளிர்சாதனம் எப்போதும் ஓட வேண்டும், வெப்பம் மாறினால் மேடை இம்மி நகர்ந்துவிடும். கதவை அட்டை காட்டித்தான் திறக்க வேண்டும். உள்ளே போனால் போனில் சிக்னல் இருக்காது. மழையா வெயிலா, மதியமா சாயங்காலமா எதுவும் தெரியாது. வெளியே வந்து கடல் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் பொழுது போயிருப்பது தெரியும்.

பிரமிடு அடுக்குவதற்கும் முதலில் எல்லாப் படங்களையும் பிசகில்லாமல் ஒட்டியாக வேண்டும், அந்த வேலை தொடங்கினால் கணினி நாள்கணக்கில் ஓடும். பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முறை வட்டு நிரம்பி நின்றது. ஒரு முறை மின்சாரம் மின்னி மின்னிப் போய் நின்றது. இன்னொரு முறை நிற்காமல் முடிந்தது.  பிரமிடின் உச்சியிலிருந்து கீழே இறங்கிப் பார்த்தால், ஒரு மூலையில் வரிசைகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மறுமூலைக்குப் போவதற்குள் நன்றாகப் பிசகியிருந்தன. கிழிந்த புடவையைத் தைக்கும்போது பார்டர் பொருந்தாமல் போகுமே, அந்த மாதிரி ஒவ்வொரு விரிசலும் பாதியில் முறிந்து, பக்கத்தில் தள்ளி மறுபடி ஆரம்பித்தது.

"பரவால்லம்மா. இன்னொரு தடவை ஓட்டிடு" என்றார் சார்.

வீட்டில் என் மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். பகலில் அவளைக் காப்பகத்தில் விட்டோம். வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து அவளை அழைத்துக்கொள்வார். ஆரம்பத்தில் தினமும், "இன்னா, உன் படம் இன்னிக்காவது வந்துச்சா?" என்று கேட்பார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சலாக இருந்தது, நிறுத்தியதும் பயமாக இருந்தது. ஊரில் கல்யாணத்துக்குப் போனால் சித்தி எல்லோர் எதிரிலும், "இன்னும் படிச்சிகினுதான் கீறியா? உன் பொண்ணும் நீயும் ஒண்ணாப் பாஸ் பண்ணுவீங்க போல" என்பாள். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் பந்திப் பக்கம் போய்விடுவார்.

நான் எங்கே போனாலும் அந்தக் கணினி கூடவே வந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் வரும்போதும், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதும், போனில் அதன் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு ஒன்று நகர வேண்டும். நகர்ந்தால் மூச்சு வரும். ஒரு நாள் மத்தியானம் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் நின்றேன், எதிரே பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். எங்கே போகிறேன், யாரைப் பார்க்கப் போகிறேன், எதுவும் இல்லை. கல்பாக்கம் தாண்டுவதற்குள் கை தானாகப் போனை எடுத்தது. பச்சைக் கோடு நின்றிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கப் பஸ்ஸைப் பிடித்து அறைக்குத் திரும்பினேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த வருடம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. புயல் கரையைக் கடந்த மறுநாள் நிலையத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆனால் என் கணினி ஓடிக்கொண்டிருந்தது, முடியும் கட்டத்தில் இருந்தது. ஒட்டி முடித்து வட்டில் எழுத ஆரம்பித்திருந்தது. இதுவரை அந்தக் கட்டம்வரை பிசகில்லாமல் வந்ததே இல்லை. நான் போகாமல் எப்படி இருப்பது? தண்ணீர் தேங்கிய சாலையில் பஸ் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தது. நிலையத்தில் காவலாளியையும் துப்புரவு செய்யும் அக்காவையும் தவிர யாரும் இல்லை. அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். பக்கத்து ஊர்க்காரி, வாயாடி. மாடியில் ஒழுகிய இடத்தையெல்லாம் துடைத்துவிட்டு, என் அறையையும் துடைக்க வாளியோடு உள்ளே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. வழக்கமாக ஜெனரேட்டர் உடனே உறுமும், அன்று உறுமவில்லை. ஜெனரேட்டர் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. குளிர்சாதனம் நின்றது, விளக்கு அணைந்தது. அறையில் இருந்த யுபிஎஸ் பேட்டரி மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு கணினியைப் பிடித்து வைத்திருந்தது. திரை வெளிச்சத்தில் கதவுக்குப் போய், உள்ளிருந்து திறக்கும் பொத்தானை அழுத்தினேன். மின்சாரம் போனால் தானாகத் திறக்க வேண்டிய பூட்டு அது. திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். தோளால் இடித்தேன்.

"இன்னாம்மா, தொறக்க மாட்டேங்குதா?" என்றாள் அக்கா.

"மாட்டேங்குது அக்கா."

"வெளாடாத பாப்பா. தள்ளு, நான் பாக்கறேன்."

அவளும் இடித்தாள். இரண்டு பேரும் கதவைத் தட்டிக் கத்தினோம். ரப்பர் பட்டை ஒட்டிய கதவு, எங்கள் சத்தம் எங்களுக்கே திரும்பி வந்தது. போனில் சிக்னல் இல்லை. மேசை மேல் இருந்த உள்தொலைபேசியும் மின்சாரம் இல்லாமல் செத்துக் கிடந்தது.

அக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இது இன்னாத்துக்கு இன்னும் கத்திகினு கீது?" என்று யுபிஎஸ்ஸைக் காட்டினாள்.

"கம்ப்யூட்டர் ஓடுது அக்கா. படம் சேர்த்துக்கினு இருக்கு."

"யாரு படம்?"

"கல்லு படம்."

"கல்லையா?" என்று சிரிக்க ஆரம்பித்தவளுக்கு, சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்காமல் இழுப்பாக மாறியது. அவளுக்கு வீசிங் உண்டு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மருந்து அடிக்கும் குழாய் வெளியே பையில் இருப்பதாகக் கையால் காட்டினாள். அறை அதற்குள் சூடாகிவிட்டது. கணினியே ஓர் அடுப்பு மாதிரிதான், குளிர்சாதனம் இல்லாமல் அது வெந்துகொண்டிருந்தது. அக்காவின் மூச்சு பழைய கதவு கீல் மாதிரி சத்தம் போட்டது.

எனக்குத் தோன்றியது இரண்டு விஷயம். கணினிப் பக்கத்தில் அதன் சூட்டுக்காக ஒரு சின்ன மேசை விசிறி வைத்திருந்தேன். யுபிஎஸ்ஸில் அதையும் ஒரு விளக்கையும் மட்டும் போட்டால் பல மணிநேரம் தாங்கும். கணினியும் ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அறையும் இன்னும் சூடாகும். இன்னொன்று, கதவின் அடியில் இருந்த ரப்பர் பட்டை. அதைப் பிய்த்தால் காற்று வரலாம்.

கணினியை அணைத்தேன். பச்சைக் கோடு கடைசியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. முறைப்படி நிறுத்தக்கூடக் காத்திருக்கவில்லை, பின்பக்கம் போய் வயரைப் பிடுங்கினேன். அதன் விசிறிகளின் இரைச்சல் தேய்ந்து நின்றது. வருடக்கணக்காக அந்த இரைச்சல் என் காதுக்குள் இருந்திருக்கிறது, நின்ற பிறகுதான் தெரிந்தது. அக்கா மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. படம் போய்விட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 

கல் ஒட்டும் பசையைச் சுரண்ட வைத்திருந்த கத்தியால் கதவடி ரப்பரை நெம்பினேன். பிடிவாதமாக இருந்தது. ஒரு முனை வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், நீளமாகப் பிய்ந்து வந்தது. தரையோரம் ஒரு கோடு வெளிச்சமும், ஈரமண் வாடையோடு கொஞ்சம் காற்றும் உள்ளே வந்தன. அக்காவைத் தரையில் குப்புறப் படுக்கவைத்து, அவள் முகத்தை அந்த இடுக்குக்கு நேராக வைத்தேன். விசிறியை அவள் முதுகுப் பக்கம் திருப்பினேன். நானும் பக்கத்தில் படுத்து, இடுக்கில் வாயை வைத்துக் காவலாளியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போனது.

அக்கா நடுவில் ஒரு தடவை என் கையைப் பிடித்து, "பயப்படாத" என்றாள். அப்போது அழுதுகொண்டிருந்தது அவள்தான். பிறகு, வீட்டுக்கு வெளியே கட்டியிருந்த ஆட்டை மழைக்கு யாராவது உள்ளே கட்டியிருப்பார்களா என்று கேட்டாள். கட்டியிருப்பார்கள் என்றேன். அவள் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இடுக்கு வழியாகத் தெரிந்த தாழ்வாரத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். இனி இந்த அறைக்குள் வேலை செய்ய வரமாட்டேன் என்று நான் அங்கே படுத்துக்கொண்டுதான் முடிவு செய்தேன்.

சாயங்காலச் சுற்றுக்கு வந்த காவலாளியின் செருப்பு இடுக்கில் தெரிந்தது. "அண்ணாத்த! அண்ணாத்த!" என்று அக்கா போட்ட கூச்சலில் அவர் துள்ளிக் குதித்தார். அவரிடம் சாவி இல்லை. ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்து பூட்டை நெம்பிப் பெயர்த்தார். வெளியே வந்ததும் அக்கா குழாயை எடுத்து மருந்தை உறிஞ்சிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னா பேஜாருடா சாமி" என்றாள். அன்று நான் வீடு போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "படம் போச்சா?" என்றார். போச்சு என்றேன். "போவட்டும் வுடு" என்று சொல்லி, எனக்குச் சுடுதண்ணி வைக்கப் போனார்.

சாலைத் தண்ணீர் வடிந்த பிறகு சார் வந்தார். அக்காவைக் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், பூட்டை மாற்றச் சொன்னார், என் கையைப் பார்த்து மருந்து போட்டாயா என்றார். ரப்பரைப் பிய்க்கும்போது விரல் கிழிந்திருந்தது. எல்லாம் கேட்ட பிறகு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த ஓட்டத்தை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"நான் ஓட்ட மாட்டேன் சார்."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"முழுப் படம் எனக்கு வேணாம் சார். கட்டம் கட்டமா அளந்து குடுக்கிறேன். அதை ஏத்துக்கங்க. இல்லேன்னா நான் நின்னுடறேன்."

இதைச் சொல்ல எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் நீளமாக வரும். அன்று அவ்வளவுதான் வந்தது.  சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குத் தயிர்சாத டப்பா திறக்கப்படவில்லை.

வருடாந்தர ஆய்வுக் கூட்டம் வரும்வரை நாங்கள் வேலைக்குத் தேவையான நாலு வார்த்தைதான் பேசிக்கொண்டோம். நான் என் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்திருந்தேன். படங்கள் எல்லாம் வட்டில் பத்திரமாக இருந்தன, போனது ஒட்டும் வேலை மட்டும்தான். பக்கத்துப் பக்கத்துப் படங்களைச் சின்னச் சின்னக் கட்டமாக மட்டும் சேர்த்து, ஒவ்வொன்றையும் திறந்து விரிசலை அளந்து மூடும்படி நிரலை மாற்றி எழுதினேன். அதற்கு நுண்ணோக்கி அறை தேவையில்லை. நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தேன்.

கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். கறாரானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் பேசி முடித்ததும், "இத்தனை வருஷமா சொல்ற அந்த முழுப் படத்தை ஒரு தடவை திறந்து காட்டுங்க" என்றார். பிசகின பழைய படம் ஒன்று வட்டில் இருந்தது, இடம் போதாமல் அதன் பிரமிடு அடுக்குகளை எப்போதோ அழித்திருந்தேன். திறக்காது என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, முயற்சி பண்ணுங்கள் என்றார். பொத்தானை அழுத்தினேன். சுட்டி சுற்றியது. பெரிய திரையில் எல்லோரும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள், கோப்பைகளை எடுத்துப் போனார்கள், அது சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வெளுத்தது. பெட்டி வந்தது. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார்.

நான் 'சரி'யை அழுத்திவிட்டு அடுத்ததைக் காட்டினேன். முதல் வருடத்து நக அளவுக் கல்துண்டு முழுதாகத் திறக்கக்கூடியது. அதை முழுதாகவும் அளந்திருந்தேன், வேண்டுமென்றே பொடிப்பொடிக் கட்டமாக வெட்டியும் அளந்திருந்தேன். இரண்டு முறையிலும் விரிசல்களின் எண்ணிக்கை ஒன்றாகவே வந்தது, நீளத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு உள்ளங்கைச் சீவலின் கணக்கு. கடலைப் பார்த்த பக்கத்தில் கிளம்பி ஒவ்வொரு விரிசலும் எந்தக் கட்டங்கள் வழியாக எவ்வளவு தூரம் போகிறது என்று கோடாக மட்டும் வரைந்த வரைபடம். அதில் நிறம் இல்லை, மைக்கா மின்னவில்லை. ஒரு கணத்தில் திறந்தது.

பேராசிரியை சாரின் பக்கம் திரும்பினார். "இதுலயே கேள்விக்குப் பதில் இருக்கே சார். முழுசு எதுக்கு?"

 "அழகா இருக்கும்னு நினைச்சேன்" என்றார் சார்.

 அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. போனதே என்று என்மேல் கோபம் வந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று கூட்டம் எழுதிக் கொடுத்தது. அதோடு கதவு திறந்துவிடவில்லை. சார் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகப் படித்தார். ஒரு காற்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பினார். பழிவாங்குகிறார் என்று சக மாணவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் முடித்தால் அவர் ஆய்வுக்கூடத்தில் கடைசி மாணவியும் போய்விடுவாள், அவர் ஓய்வு பெறுவார், மாடியில் இருக்கும் கற்பலகைகளை யாராவது அப்புறப்படுத்துவார்கள். அவர் பிடித்து வைத்திருந்தது என்னை மட்டும் இல்லை. ஆனால் அது புரிந்ததால் எனக்கு எந்த நன்மையும் இல்லை. புரிந்துகொண்டே காத்திருந்தேன், அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று அப்பா வந்திருந்தார், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு. சார் அவர் கையைப் பிடித்து, "உங்க பொண்ணு பிடிவாதக்காரி" என்றார். "ஆமா சார், சின்னதுலேந்தே" என்றார் அப்பா, அது பாராட்டா புகாரா என்று தெரியாமல். எனக்கும் தெரியவில்லை.

இப்போது செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் திசுத் தகடுகளை ஸ்கேன் செய்து மருத்துவர்கள் பார்க்கும்படி அடுக்கி வைக்க வேண்டும். இங்கேயும் படங்கள் பெரியவை, இங்கேயும் யாரும் அவற்றை முழுதாகத் திறப்பதில்லை. மருத்துவர் தனக்கு வேண்டிய இடத்துக்கு மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார். நேர்முகத்தில் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். என் மேசை ஜன்னல் பக்கம் இருக்க முடியுமா என்று கேட்டேன். ஜிஎஸ்டி சாலை முழுக்க லாரி, தூசி வருமே என்றார்கள். வரட்டும் என்றேன்.

வீட்டில் நான் குளியலறைத் தாழ்ப்பாளை இன்னும் போடுவதில்லை. மகளுக்கு அது புரியாது. "அம்மா, தாப்பா போடு, வெக்கமா இல்லையா?" என்று வெளியே நின்று கத்துவாள். போடுகிறேன் போடுகிறேன் என்று உள்ளிருந்து சொல்லிக்கொண்டே, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு காலால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு குளிக்கிறேன்.